தெற்காசியக் கோப்பையில் குவைத் எப்படி வந்தது?

சாஃப் கால்பந்துக் கோப்பை தெற்காசிய நாடுகளுக்கானது, அப்படியிருக்க 2023-ல் குவைத் எப்படி ஆடியது என்று கேட்டிருக்கிறீர்கள். விருந்தினராக அழைத்தார்கள், அவ்வளவுதான். இலங்கை மீது உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் தடை இருந்தது. தெற்காசியாவில் மிஞ்சியவை 6 அணிகள். குவைத்தும் லெபனானும் சேர்ந்து 8 ஆனது. நல்ல முடிவு என்றே சொல்வேன், பலமான அணியோடு மோதினால்தானே ஆட்டம் வளரும்?

போட்டி நடந்தது பெங்களூரு கண்டீரவா ஸ்டேடியத்தில். எங்கள் கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு ஓசூர் வழியாக ஒரே பஸ். ஜூலை 4, இந்தியா-குவைத் இறுதிப் போட்டி. குவைத் முதலில் கோல் போட்டது, இந்தியாவின் சாங்டே சமன் செய்தார். 1-1. அப்புறம் பெனால்டி. பக்கத்து இருக்கை அண்ணன் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தார். குவைத்தின் கடைசி உதையை நம் கோல்கீப்பர் குர்ப்ரீத் சிங் சந்து பாய்ந்து தடுத்தார், 5-4. இந்தியாவுக்கு அது 9-வது கோப்பை.