முட்டை ஏன் தட்டையாகவே தெரிகிறது?

கேள்வி: வெள்ளை முட்டையை மேசையில் வைத்துப் பார்த்து வரைகிறேன். எவ்வளவு நிழல் தீட்டினாலும் அப்பளம் போலத்தான் இருக்கிறது. என்ன தவறு?
– வாசகி, தெம்பனிஸ், சிங்கப்பூர்

பதில்: முதலில் விளக்கைக் கவனியுங்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுக் கூடத்தில் மேலே குழல்விளக்கு, பக்கத்தில் சன்னல் வெளிச்சம் என்றால் நிழல்கள் ஒன்றையொன்று அழித்துவிடும். திரையை இழுத்து மூடி, மேல்விளக்கை அணைத்து, ஒரே ஒரு மேசை விளக்கை இடப்பக்கம் சற்று உயரத்தில் வையுங்கள்.

இப்போது கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். முட்டையின் மிகக் கறுத்த இடம் விளிம்பு அல்ல. விளிம்புக்குச் சற்று உள்ளே ஒரு பட்டையாக ஓடும். பட்டைக்கும் விளிம்புக்கும் நடுவே, மேசையில் பட்டுத் திரும்பும் ஒளி லேசாகத் தெரியும். உருண்டை அங்கேதான் பிறக்கிறது! விளிம்புவரை ஒரேயடியாகக் கறுப்பாக்கியதால்தான் உங்கள் முட்டை தட்டையானது. ஆனால் அந்த எதிரொளியை அதிகம் வெளுக்க விட்டால் முட்டை உலோகம் போல மின்னும். ஒளிப் பக்கத்தின் மங்கலான இடத்தைவிட அது கறுப்பாகவே இருக்கட்டும்.

பென்சில்களில் எச் என்றால் கடினம், வெளிர்; பி என்றால் மென்மை, கறுப்பு. முதல் பூச்சுக்கு 2எச், நடுச்சாயலுக்கு இரண்டுக்கும் இடைப்பட்ட எச்பி, பட்டைக்கு 2பி. அழுத்தாமல், வளைவின் போக்கிலேயே மூன்று நான்கு பூச்சாக ஏற்றுங்கள். மிகப் பளிச்சென்ற இடத்தில் தாளை அப்படியே விடுங்கள். முட்டை மேசையைத் தொடும் மெல்லிய கோட்டில் மட்டும் 6பி; அங்கிருந்து விலக விலக, விழும் நிழலின் ஓரம் மங்க வேண்டும்.

விரலால் தேய்க்கவே வேண்டாம். வியர்வையும் எண்ணெயும் தாளில் ஏறினால் அந்தக் கறை அழிப்பானுக்கு வராது. உள்ளங்கைக்கு அடியில் ஒரு துண்டுத் தாள் வைத்துக்கொள்ளுங்கள்.