எரிமலைய பக்கத்துல இருந்து பாத்துக்கிட்டு இருக்கிறவங்க அப்பிடி என்னத்த பாக்கிறாங்க?

கரீபியன் கடல்ல இருக்கிற மொன்செராட் மாதிரி குட்டித் தீவுல எரிமலை கண்காணிப்பு நிலையம் எதுக்குன்டு கேட்டிருக்கீங்க.

நான் வெள்ளவத்தையில ரயில் ரோட்டுக்குக் கிட்ட இருக்கிறன், ட்ரெயின் வர முந்தியே மேசையில இருக்கிற பிளேன்டி கப்புல சின்னதா அலை வரும், சத்தம் பிறகுதான். நில அதிர்வ அளக்கிற சைஸ்மோமீட்டருக்கும் கிட்டத்தட்ட அதே வேலைதான், மலைக்குள்ள மக்மா ஏறேக்க பாறை உடையிற அதிர்வு ஒரு மாதிரி, வெளியில கல்லு உருண்டு விழுறது வேற மாதிரி, பழகின ஆக்கள் அது கீறுற கோட்டப் பாத்தே சொல்லிடுவாங்க. ஜிபிஎஸ்ஸால நிலம் எவ்வளவு வீங்குதுன்டு பாக்கிறாங்க, சல்பர் டையொக்சைட் வாயு ஒரு நாளைக்கு எத்தின டொன் வருதுன்டும் அளக்கிறாங்க. வாயு குறைஞ்சா நல்லம்தானேன்டு நினைக்காதீங்க, வழி அடைபட்டும் இருக்கலாம், விசில் அடைச்ச குக்கர் மாதிரி.

மொன்செராட்டுல சூஃப்ரியர் ஹில்ஸ் எரிமலை 1995 ஜூலையில வெடிக்கத் தொடங்கினது. தலைநகரம் பிளிமத்தில இருந்த சனத்த எழுப்பி வடக்குக்கு அனுப்பிட்டாங்க, பிறகு அந்த டவுனே சாம்பலுக்குள்ள போயிட்டு. ஆனா 1997 ஜூன் 25 அன்டைக்கு 19 பேர் செத்தாங்க, போக வேணாம்ன்டு சொன்ன ஏரியாவுக்குள்ள நின்டவங்க. தோட்டத்தையும் ஆடு மாட்டையும் விட்டுட்டு எத்தின நாள்தான் இருக்கிறதுன்டு அவங்களுக்கும் இருந்திருக்கும், குறை சொல்ல எனக்கு மனசு வரல்ல. கருவி ஆபத்தச் சொல்லும், ஆனா எந்த நாள் எத்தின மணிக்குன்டு சொல்லாது, அதுதான் பிரச்சின.

மத்தது, நம்ம இலங்கையில எரிமலை இல்ல, திருகோணமலை கன்னியா வெந்நீர் ஊற்றப் பாத்து பயப்படத் தேவையில்ல.