கொழும்பில் ஸ்கூபா பழக அமைதியான தண்ணீர் எங்கே?

கேள்வி: ஓகஸ்ட் மாதம் நிலாவெளியில் ஸ்கூபா முதல் நிலைச் சான்றிதழ் எடுத்தேன். மாஸ்க்குக்குள் தண்ணீர் வந்தால் இன்னும் பதறுகிறேன். ஒரே ஆழத்தில் அசையாமல் நிற்கவும் வரவில்லை. வெள்ளவத்தையில் இருக்கிறேன். கடல் பக்கத்திலேயே இருக்கிறது, பொல்கொட ஏரியும் தூரமில்லை. எங்கே பழகலாம்?

பதில்: இரண்டிலும் வேண்டாம். முதலில் நீச்சல் தடாகம், அப்புறம் உனவட்டுன. இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

வெள்ளவத்தைக் கரையில் அலை பாறைகளுக்கு இடையில் உடைகிறது. முதுகில் சிலிண்டரோடு இறங்கி ஏறுவதிலேயே உங்கள் கவனமெல்லாம் போய்விடும். மழை பெய்தால் வெள்ளவத்தை, தெஹிவளை வாய்க்கால்கள் நகரத்து அழுக்கைக் கடலில் கொண்டுவந்து கொட்டும். அந்தக் கலங்கலில் உங்கள் கையே உங்களுக்குத் தெரியாது, காதில் தொற்றும் வரலாம். பொல்கொடயில் முதலைகள் உண்டு. வெள்ளவத்தை, தெஹிவளைக் கடலோரத்திலும் முதலைகளைக் கண்டிருக்கிறார்கள்.

தடாகம் சிறுபிள்ளைகளுக்கான இடம் என்று நினைக்க வேண்டாம். மிதப்பைக் கட்டுப்படுத்துவது ஆழம் குறைந்த தண்ணீரில்தான் கடினம். மேற்பரப்பிலிருந்து 10 மீட்டர் இறங்கும்போது அழுத்தம் இரண்டு மடங்காகி, மிதப்புக்காக அணியும் ஜாக்கெட்டிலுள்ள காற்று பாதியாகச் சுருங்குகிறது. 10 மீட்டரிலிருந்து 20க்குப் போகும்போது மூன்றில் ஒரு பங்குதான் சுருங்கும். ஆகவே 2 மீட்டர் தண்ணீரில் அசையாமல் நிற்கப் பழகியவருக்கு 12 மீட்டர் சுலபம்.

ஆனால் தாழ்வதற்காக நிலாவெளியில் இடுப்பில் கட்டிய ஈய எடையை அப்படியே தடாகத்துக்குக் கட்டாதீர்கள். கடல்நீர் நன்னீரைவிடச் சுமார் 2.5 சதவீதம் அடர்த்தி கூடியது. நீங்களும் உபகரணங்களும் சேர்ந்து 90 கிலோ என்றால், தடாகத்தில் 2 கிலோவுக்குச் சற்று மேல் ஈயத்தைக் குறைக்க வேண்டும். ஈயம் கூடினால் அதை ஈடுகட்ட ஜாக்கெட்டில் காற்றை நிரப்புவீர்கள். கொஞ்சம் மேலே வந்தாலும் அந்தக் காற்று விரிந்து உங்களைத் தூக்கிவிடும். அசையாமல் நிற்க வராததற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். சிலிண்டரின் அழுத்தமானி 50 பார் காட்டும் அளவுக்குக் காற்று குறைந்திருக்கும்போது, ஜாக்கெட்டை வெறுமையாக்கி, சாதாரண மூச்சோடு நிமிர்ந்து நில்லுங்கள். தண்ணீர் கண்மட்டத்தில் நிற்க வேண்டும், மூச்சை விட்டால் மெல்லத் தாழ வேண்டும். தடாகத்துக்கு எவ்வளவு, கடலுக்கு எவ்வளவு என்று இரண்டையும் எழுதி வையுங்கள்.

இனி மாஸ்க். வாயால் மட்டும் மூச்சு வாங்க வேண்டும் என்று தெரிந்தாலும், முகத்தில் தண்ணீர் பட்டதும் மூக்கு தானாக இழுத்துவிடுகிறது. பதற்றம் அங்கேதான் தொடங்குகிறது. அதனால் சிலிண்டர் இல்லாமலே ஆரம்பியுங்கள். நெஞ்சளவு தண்ணீரில் நின்று, மாஸ்க்கைக் கழற்றி, ஸ்நோர்க்கலை மட்டும் வாயில் வைத்து முகத்தைத் தாழ்த்துங்கள். வாயால் வாங்கி மூக்கால் விடுங்கள். சலிப்புத் தட்டும்வரை இதையே செய்யுங்கள். உண்மையில் அந்தச் சலிப்புத்தான் நமக்கு வேண்டும். பிறகு ரெகுலேட்டரோடு (சிலிண்டர் காற்றை வாய்க்குத் தரும் கருவி), மாஸ்க்கில் கால்வாசி, அரைவாசி, முழுசு என்று தண்ணீர் விட்டு, மேல்விளிம்பை அழுத்தி மூக்கால் ஊதி வெளியேற்றுங்கள். முழங்காலில் இருந்தபடி கைவந்ததும் மிதந்தபடி செய்யுங்கள். தடாகம்தானே என்று மூச்சை மட்டும் அடக்கிவிடாதீர்கள். சிலிண்டர் காற்றைச் சுவாசித்துவிட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு ஒன்றரை மீட்டர் எழுந்தாலே நுரையீரல் கிழியக்கூடும்.

தடாகக்காரர்கள் சிலிண்டரைக் கண்டால் தரை ஓடு உடையுமோ என்று பயப்படுவார்கள். கீழே விரிக்க ரப்பர் பாய் கொண்டுபோங்கள், உபகரணங்களை மணல் போகக் கழுவியிருங்கள், கூட்டமில்லாத வாரநாளாகக் கேளுங்கள். ஏற்கெனவே ஒரு தடாகத்தோடு ஏற்பாடு வைத்திருக்கும் டைவ் நிலையம் கிடைத்தால் இன்னும் நல்லது. ஒரு பக்கமாவது 2 மீட்டருக்குக் குறையாத ஆழம் வேண்டும்.

கடலுக்குப் போக நவம்பர் முதல் ஏப்ரல் வரை பாருங்கள். வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வீசுவதால் மேற்கு, தெற்குக் கரைகளுக்குத் தீவே மறைப்பாகிறது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்கிலிருந்து வரும் சோழகம் இந்தக் கரைகளை அடிக்கும். ஓகஸ்டில் கிழக்குக் கரையிலுள்ள நிலாவெளி உங்களுக்கு அமைதியாக இருந்ததும் இதனால்தான். காலிக்கு அப்பால் உள்ள உனவட்டுன வளைந்த குடா, அடியில் மணல். ஹிக்கடுவையிலும் கற்பாருக்கு (முருகைக்கல் திட்டுக்கு) உள்ளே தண்ணீர் அமைதிதான், ஆனாலும் அங்கே பழகுவதை நான் விரும்பவில்லை. அது 2002 முதல் தேசியப் பூங்கா. தடுமாறும் ஒருவரின் காலில் மாட்டிய ஃபின் (நீந்தும் துடுப்பு) பட்டாலே முருகைக்கல் உடையும். கண்ணாடி அடிப் படகுகளும் தலைக்கு மேலே ஓடும்.

எந்தக் கரையானாலும் காற்று எழும்புவதற்கு முன், காலையிலேயே போய், இறங்காமல் 20 நிமிடம் நின்று பாருங்கள். இரண்டு பக்கமும் அலை உடைய, நடுவில் மட்டும் உடையாமல் அமைதியாகத் தெரிந்தால், அதை நல்ல இடம் என்று நம்பிவிடாதீர்கள். பெரும்பாலும் கரைக்கு வந்த தண்ணீர் கடலுக்குத் திரும்பும் இழுவை அங்கேதான் ஓடும். மணல் கலங்கி வெளியே போகிறதா என்று கவனியுங்கள்.

உனவட்டுனவில் தனியே இறங்காமல் ஒரு பயிற்றுநரை அமர்த்துங்கள். மீன் பார்க்க வரவில்லை, 5 மீட்டர் மணலில் மாஸ்க்கும் மிதப்பும் பழக வந்திருக்கிறேன் என்று முன்கூட்டியே கதைத்து வையுங்கள். சொல்லாவிட்டால் நேரே கற்பாருக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்.