51 மில்லிமீட்டரில் தாவும் மழைக் கணக்கு

கேள்வி: கோத்தகிரி அருகே ஒரு தேயிலைச் சரிவில் நானே அமைத்த மழைமானியில், வாளி ஒருமுறை கவிழ்ந்தால் 0.2 மி.மீ. மழை என்று கணக்கு. அட்மெகா328பி என்ற 8 பிட் சிப்பில், ஓடும் வேலையை இடைமறிக்கும் இன்டரப்ட் மூலம் எண்ணுகிறேன். எண்ணிக்கைக்கான இரண்டு பைட் மாறியை வாலட்டைல் என்று அறிவித்திருக்கிறேன். ஆனாலும் எப்போதாவது 51 மி.மீ.யை ஒட்டி, அளவு 102.2 என்று தாவி, உடனே 51.2க்குத் திரும்புகிறது. தரவைப் பெறும் ராஸ்பெர்ரி பை சிறுகணினியில், பல த்ரெட்களுடன் (இணையாக ஓடும் இழைகள்) ஓடும் நிரலின் சிக்னல் ஹேண்ட்லருக்குள் (சிக்னல் வந்ததும் குறுக்கே ஓடும் பகுதி), அச்சிடும் பிரிண்ட்எஃப், நினைவகம் ஒதுக்கும் மாலாக் இரண்டையும் அழைக்கிறேன். அதுவும் சில நேரம் உறைந்துவிடுகிறது. ஏன்?

பதில்: இரண்டுக்கும் வேர் ஒன்றே. ஒரு வேலை பாதியில் இருக்கும்போது வேறொன்று குறுக்கே நுழையக்கூடும் என்பதற்கு உங்கள் நிரலில் இடம் வைக்கப்படவில்லை.

51 மி.மீ. என்பது 255 கவிழ்வு. 8 பிட் சிப் இரண்டு பைட்டை ஒரே கட்டளையில் படிக்க இயலாததால், கீழ் பைட்டை எடுத்தபின்தான் மேல் பைட்டை எடுக்கிறது. கீழ் பைட்டாக 255ஐ எடுத்த அந்தக் கணத்தில் வாளி கவிழ்ந்தால், எண்ணிக்கை 256 ஆகி மேல் பைட் 1 ஆகிவிடுகிறது; பழைய பாதியும் புதிய பாதியும் சேர்ந்து 511 என்று நிற்க, அதன் 0.2 மடங்கே நீங்கள் கண்ட 102.2. ஆகவே மழைமானியையோ கம்பியையோ சந்தேகிக்க வேண்டாம். ஐப்பசி மழையில் மண்சரிவுக்கு அஞ்சி வாழும் மலையில், மழையை இருமடங்காகக் காட்டும் அளவைச் சிறு பிழை என்று விட்டுவிடவும் வேண்டாம்.

வாலட்டைல், மாறியை ஒவ்வொரு முறையும் நினைவகத்திலிருந்தே எடுக்கும்படி, நிரலை இயந்திரக் கட்டளையாக்கும் கம்பைலரைப் பணிக்கிறது. அந்தச் செயல் இடையூறின்றி முடியும் என்ற உறுதியை, அதாவது அட்டாமிக் தன்மையை, அது தருவதில்லை. படிக்கும் இடத்தில் இன்டரப்டை நிறுத்தி, எண்ணிக்கையை உள்மாறியில் நகலெடுத்து, இன்டரப்ட் முன்பிருந்த நிலையை மீட்டுவிடுங்கள். இந்தச் சிப் வகைக்கான ஏவிஆர் லிப்சி நூலகத்தின் அட்டாமிக் பிளாக் மேக்ரோ இதைச் செய்யும். அந்த இடைவெளியில் வரும் கவிழ்வு சிப்பின் கொடியில் (நிகழ்ந்ததைக் குறித்துவைக்கும் பிட்) காத்திருந்து பிறகு எண்ணப்படும் என்பதால் இழப்பில்லை. காலை 8.30க்குக் கணக்கைப் பூஜ்யமாக்குவீர்களானால், படிப்பதையும் பூஜ்யமாக்குவதையும் ஒரே பிளாக்கில் வையுங்கள். பிரித்தால் இடையில் விழும் கவிழ்வு தொலையும். 32 பிட் சிப்புக்கு மாறினால் படிப்பது ஒரே கட்டளையாகும், ஆனால் ஒன்றைக் கூட்டுவது அப்போதும் படித்தல், கூட்டல், எழுதுதல் என மூன்று படிகளே.

ராஸ்பெர்ரி பையில், மாலாக் தன் பூட்டை (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் அனுமதிப்பது) பிடித்திருக்கும்போது சிக்னல் வந்து ஹேண்ட்லரும் மாலாக்கை அழைத்தால், அதே த்ரெட் தன்னிடமே உள்ள பூட்டுக்காகக் காத்து நின்றுவிடும். த்ரெட்களுக்குப் பாதுகாப்பான ஃபங்ஷன் எல்லாம் ரீஎன்ட்ரன்ட் ஆகிவிடாது என்பதற்கு மாலாக்கே சான்று: பாதியில் நிற்கும்போதே மீண்டும் அழைக்கப்பட்டாலும் சரியாக முடிவதுதான் ரீஎன்ட்ரன்ட் ஃபங்ஷன். ஹேண்ட்லரில், சிக்னல் குறுக்கிட்டாலும் பாதியில் உடையாத சிக்-அட்டாமிக்-டி வகையிலான ஒரு வாலட்டைல் கொடியை மட்டும் உயர்த்தி, எஞ்சியதை முதன்மைச் சுழற்சிக்கு விடுங்கள். அந்தக் கொடியை வேறு த்ரெட் படிப்பதானால் இது போதாது. 2011ஆம் ஆண்டின் சி மொழித் தரம் தந்த, பூட்டின்றி இயங்கும் அட்டாமிக் வகை வேண்டும். அங்கேயே எதையாவது எழுதித்தான் ஆகவேண்டுமென்றால் ரைட் என்ற சிஸ்டம் அழைப்பு பாதுகாப்பானது, ஆனால் கடைசிப் பிழை எண்ணை வைத்திருக்கும் எர்னோவின் மதிப்பைச் சேமித்து மீட்டுவிடுங்கள்.

திருத்தியபின் மழைக்குக் காத்திராமல், எண்ணிக்கையை 250இல் தொடங்கி, வேகமான துடிப்புகளை இன்டரப்ட் முனைக்குக் கொடுத்தபடி இடைவிடாமல் படித்துப் பாருங்கள். 256இன் ஒவ்வொரு மடங்கையும் கடக்கும்போது தாவல் இல்லாதிருக்க வேண்டும்.