சமையல் கஷ்டமே இல்லை, நாளைக்கு மாவு இருக்கிறதா என்பதுதான் கஷ்டம்

"வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருக்கும் அம்மாக்களுக்கு எது ரொம்பக் கஷ்டம்? மூணு வேளையும் சமைப்பதா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

எனக்குக் கோயம்புத்தூர். பெரியவள் ஆறாவது, சின்னவன் யு.கே.ஜி. கூடவே அத்தை, அதாவது மாமியார். ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருந்தேன். பெரியவளுக்கு இரண்டு வயதானபோது வேலையை விட்டேன். ஒன்பது வருஷம் ஆகிவிட்டது.

சமைப்பது எனக்குக் கஷ்டமாகத் தெரிந்ததில்லை. நேரமில்லாத நாளில் எங்கள் பக்கத்து அரிசிம்பருப்பு சாதம் போதும். ஒரு டம்ளர் பொன்னி அரிசிக்குக் கால் டம்ளருக்குக் கொஞ்சம் கூடத் துவரம்பருப்பு. இரண்டையும் கழுவி ஊறவைத்துவிட்டு, குக்கரில் எண்ணெய் காய்ந்ததும் கடுகு, சீரகம், வரமிளகாய், கறிவேப்பிலை தாளித்து, ஒரு கை நிறையச் சின்ன வெங்காயமும் தட்டிய பூண்டும் வதக்கி, தக்காளி, மஞ்சள்தூள், உப்பு சேர்த்து மூன்றரை டம்ளர் தண்ணீர் விட்டு மூன்று விசில். மேலே நெய், தொட்டுக்கொள்ளத் தயிரும் சுட்ட அப்பளமும். சின்ன வெங்காயம் உரிக்கச் சோம்பல்பட்டுப் பெரிய வெங்காயம் போட்டால் ருசி வேறு. அத்தை முதல் வாயிலேயே கண்டுபிடித்துவிடுவார்.

கஷ்டம் இதில் இல்லை. மாவில் இருக்கிறது.

எங்கள் வீட்டில் வாரம் நாள்காட்டியில் ஓடுவதில்லை, மாவுப் பாத்திரத்தில்தான் ஓடுகிறது. ஞாயிறும் புதனும் மாவு ஆட்டும் நாள். ஞாயிறு ஆட்டினால் திங்கள் இட்லி, செவ்வாய் தோசை, புளிப்பு ஏறிய மிச்சம் புதன் சாயங்காலம் வெங்காயம், கடுகு தாளித்துப் போட்டுப் பணியாரம். அன்றைக்கே அடுத்த ஈடு ஆட்டியாக வேண்டும். நாலு டம்ளர் இட்லி அரிசிக்கு ஒரு டம்ளர் முழு உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம். அரிசி மத்தியானமே ஊற வேண்டும், உளுந்துக்கு ஒரு மணி நேரம் போதும். உளுந்தைக் கிரைண்டரில் போட்டுத் தண்ணீர் தெளித்துத் தெளித்து அரை மணி நேரம் ஓட விட வேண்டும். ஒரு துளி எடுத்துத் தண்ணீரில் விட்டால் மிதக்க வேண்டும், மூழ்கினால் இட்லி கல்தான். மார்கழியில் இரவு முழுக்க வைத்தாலும் பொங்காது, அடுப்புப் பக்கம் துணி போர்த்தி வைப்பேன். சித்திரையில் அசந்து தூங்கினால் மேடை முழுக்க வழிந்திருக்கும்.

இதில் எந்த வேலையும் பெரிதில்லை. ஆனால் வியாழக்கிழமை காலை ஏழு மணிக்குத் தட்டில் இட்லி விழ வேண்டுமென்றால், புதன்கிழமை பன்னிரண்டு மணிக்கு ஒருத்தருக்கு அரிசி ஞாபகம் வர வேண்டும். அதற்கு முன்னால், உளுந்து டப்பாவில் ஒரு டம்ளருக்குக் குறைவாக இருப்பது திங்கட்கிழமையே கண்ணில் பட்டிருக்க வேண்டும்.

போன வருஷம் எனக்குக் காய்ச்சல் வந்தபோதுதான் இது வீட்டில் மற்றவர்களுக்குத் தெரிந்தது. செவ்வாய் இரவு படுத்தவள் நாலு நாள் எழவில்லை. என் வீட்டுக்காரர் லீவு போட்டார். குறை சொல்ல மாட்டேன், நன்றாகவே சமைத்தார். அவருடைய ரசம் என்னுடையதைவிட நன்றாக இருக்கும். வியாழன் காலை இட்லிப் பாத்திரத்தில் தண்ணீர் தளதளவென்று கொதித்துக்கொண்டிருக்கிறது, தட்டில் துணியெல்லாம் நனைத்துப் போட்டாயிற்று. ஃப்ரிட்ஜைத் திறந்து ஐந்து நிமிடம் தேடிவிட்டுக் கட்டில் பக்கம் வந்து கேட்டார்: "மாவை எங்க வெச்ச?"

நான் ஒளித்து வைத்ததுபோல!

"நேத்து ஆட்டலையே" என்றேன். அவர் முகத்தில் வந்தது கோபமில்லை, நிஜமான ஆச்சரியம். அத்தனை வருஷமாக அந்த ஃப்ரிட்ஜில் மாவு இல்லாத காலையை அவர் பார்த்ததில்லை. தெருமுனைக் கடையில் போய் வாங்கலாமென்றால் கடை திறக்க எட்டாகும். அன்றைக்கு உப்புமா. சின்னவன் ஒரு வாய்கூடத் தொடவில்லை.

(கடை மாவு வாங்குவதில் எனக்கு வெட்கமில்லை. அவசரத்துக்கு நானும் வாங்குகிறேன். ஆனால் அதை வாங்கவும் முந்தின நாளே ஞாபகம் வர வேண்டும் இல்லையா?)

மத்திய அரசு 2024-ல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாமல் தங்கள் வீட்டு வேலையைச் செய்யும் பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 289 நிமிடம், ஆண்கள் 88 நிமிடம் அதற்குச் செலவிடுவதாக வந்தது. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது அதில் தனிக்கணக்கு. அதிகாலை 4 மணியிலிருந்து மறுநாள் 4 மணிவரை, அரை மணி அரை மணியாகப் பிரித்து என்ன செய்தீர்கள் என்று கேட்பார்களாம். கணக்குப் பார்த்தவள் என்பதால் எனக்கு அந்த முறை பிடித்திருக்கிறது. ஆனால் அரிசியைக் களைந்து ஊறப்போட எனக்கு இரண்டே நிமிடம்தான். காலையிலிருந்து அதை மனசில் சுமந்துகொண்டு சின்னவனுக்குச் சாக்ஸ் மாட்டிவிட்டதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

உடம்பு தேறியதும் அவரிடம் ஒன்றுதான் கேட்டேன். சமையலில் உதவ வேண்டாம், மாவை முழுசாக எடுத்துக்கொள்ளுங்கள். உளுந்து தீர்ந்ததைக் கவனிப்பது, வாங்குவது, ஊறப்போடுவது, ஆட்டுவது, கிரைண்டர் கல்லைக் கழுவுவது எல்லாமே அவருடையது. நான் ஞாபகப்படுத்த மாட்டேன். முதல் மாதம் இரண்டு முறை மறந்தார், இரண்டு முறையும் உப்புமா. வாயை மூடிக்கொண்டு இருந்ததுதான் எனக்குப் பெரிய பாடு. இப்போது புதன்கிழமை காலை ஆபீஸ் கிளம்பும்முன் அரிசியை ஊறப்போட்டுவிட்டுப் போகிறார். ஏழெட்டு மணி நேரம் ஊறினாலும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. மத்தியானம்தான் போட வேண்டும் என்று நானேதான் இத்தனை வருஷம் பிடிவாதமாக இருந்திருக்கிறேன்.

போன வாரம் அத்தை நாத்தனாரிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். "எம்பையன் ஆட்டுனா மாவு பூவாட்டம் வருது கண்ணு, கைராசி!" வாரத்துக்கு இரண்டு, வருஷத்துக்கு 104, ஒன்பது வருஷத்துக்கு 936. ஊருக்குப் போன நாள், கடை மாவு வாங்கிய நாள் எல்லாம் கழித்தாலும் 800 ஈடு தேறும். அதில் ஒன்றுக்காவது யாருக்காவது போன் போயிருக்குமா என்று யோசித்துப் பார்த்தேன். கோபம் கொஞ்சம் வந்தது, சிரிப்பும் வந்தது.

இன்றைக்குப் புதன். இதை எழுதும்போது அடுக்களையில் எட்டிப் பார்த்தேன். அரிசி ஊறுகிறது. வெந்தயத்தை மறந்துவிட்டார். போடலாமா வேண்டாமா என்று டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். போடவில்லை.