சூதுக் கடனுக்கு ஒரு மணப்பெண்

கேள்வி: இங்கிலாந்துப் பிரபுக் குடும்பத்தில் அப்பாக்கள் பேசி முடித்த கல்யாணம். முதலில் முகம் கொடுத்தே பேசாத கணவன், கடைசியில் மனைவி மேல் உயிரையே வைத்துவிடுகிறான். இப்படி ஒரு சரித்திரக் காதல் நாவல் படித்தேன். அங்கே உண்மையில் இதெல்லாம் நடந்ததா? பெரியவர்கள் பார்த்து வைத்தால் தப்பாது என்பதற்கு வெள்ளைக்காரனே சாட்சி என்று எடுத்துக்கொள்ளலாமா?
(வாசகி ஒருவர்)

பதில்: நடந்தது. நாவலாசிரியரே எழுதக் கூச்சப்படும் அளவுக்கு நாடகத்தனமாக நடந்தது. சாட்சி விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.

1719 டிசம்பர், ஹேக் நகரம். ரிச்மண்ட் டியூக், கடோகன் பிரபுவிடம் சூதாடித் தோற்றிருந்தார். கடனைக் கழிக்க அவரிடம் ஒரு மகன் இருந்தான். கடோகனிடம் ஒரு மகள் இருந்தாள். பையனுக்கு வயது 18, சாராவுக்கு 13. “இந்த அவலட்சணத்தையா என் தலையில் கட்டப் போகிறீர்கள்?” என்று பையன் கேட்டானாம். கட்டித்தான் வைத்தார்கள். சடங்கு முடிந்த கையோடு அவன் ஐரோப்பியச் சுற்றுப்பயணம் கிளம்பிவிட்டான். அவள் தாயோடு போய்விட்டாள்.

சில வருஷம் கழித்து ஊர் திரும்பியவன், பெண்டாட்டியைத் தேடிப் போகவில்லை. நாடகக் கொட்டகைக்குப் போனான். அங்கே ஒரு பேரழகியைப் பார்த்து, யார் அது என்று பக்கத்தில் இருந்தவரை விசாரித்தான். லண்டனே கொண்டாடும் மார்ச் சீமாட்டியைத் தெரியாதா என்று பதில் வந்தது. மார்ச் பிரபு என்பது அவனுடைய பட்டம்தான், அந்தச் சீமாட்டி அவன் கட்டிய சாராவேதான்! குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லி வந்த கதை இது. கொஞ்சம் மெருகு ஏறியிருக்கும். ஆனால் அவர்கள் ஒட்டி வாழ்ந்ததற்கு மெருகில்லாத ஆதாரமே உண்டு. வம்பு எழுதுவதில் கெட்டிக்காரரான ஹொரஸ் வால்போல், 1741இல் ஒரு நடன விருந்தைப் பற்றிக் கடிதம் எழுதுகிறார்: அப்பாவுக்குப் பிறகு டியூக் ஆகிவிட்ட நம்ம பையனின் இரண்டு பெண்களும் அழகு, அம்மா அவர்களைவிட அழகு, டியூக் இரவெல்லாம் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து அவள் கைக்கு முத்தம் கொடுத்துக்கொண்டிருந்தார். கல்யாணமாகி இருபது வருஷத்துக்கு மேல் ஆன பிறகு!

இப்போது சாட்சி விசாரணை.

அந்த விருந்தில் இருந்த மூத்த மகள் கரோலினுக்கு அப்போது 18 வயது. பிறகு அவள் மனம் போனது ஹென்றி ஃபாக்ஸ் என்ற அரசியல்வாதியிடம். அவளைவிட 18 வயது மூத்தவர், குலப் பெருமையும் போதாது. பெற்றோர் வேறு மாப்பிள்ளை பார்த்தார்கள். அவர் முன்னால் அலங்கரித்து உட்கார்த்தி வைக்கும் நாளில், கரோலின் தன் புருவங்களை மழித்துக்கொண்டாள் என்று சொல்வார்கள். சபையில் எப்படிக் காட்டுவது? 1744இல் ரகசியமாக ஃபாக்ஸை மணந்தாள். கையை விடாமல் முத்தம் கொடுத்த அதே அப்பாவும், அந்தக் கைக்குச் சொந்தக்காரியான அம்மாவும் 1748 வரை மகள் முகத்தில் விழிக்கவில்லை.

பெரியவர்கள் பார்த்தால் தப்பாது என்கிறீர்களே, சாராவுக்குப் பெரியவர்கள் பார்த்தது என்ன? கடன் பாக்கியைத்தான். அவன் திரும்பி வரும்போது அவள் அழகியாக வளர்ந்திருந்தது எந்தத் தகப்பனின் தீர்க்கதரிசனமும் இல்லை. வளராமல் போயிருந்தால்? அன்றைய சட்டப்படி மனைவியின் ரொக்கமும் நகையும் கணவனுக்கு. தனி ஏற்பாடு எழுதி வைத்திருந்தால்தான் அவளுக்கென்று கொஞ்சம். கல்யாணமான பெண் தன் சொத்தைத் தானே ஆளலாம் என்று சட்டம் சொன்னது 1882இல். முழு விவாகரத்து வேண்டுமானால் பார்லிமெண்டில் தனி மசோதா கொண்டுவர வேண்டியிருந்தது. 1801 வரை ஒரு பெண்கூட அதில் ஜெயிக்கவில்லை. ஆக, பிடிக்காத புருஷன் வாய்த்தால் வாய்த்ததுதான். காதல் நாவல்களில் இந்தப் பத்திரங்கள் வருவதே இல்லை. கதாநாயகிக்கு 13 வயது என்றும் யாரும் எழுதுவதில்லை. நீங்கள் படித்ததில் அவளுக்கு எத்தனை வயது?

இன்னொன்று. 21 வயது நிரம்பாதவர்கள் லைசென்ஸ் வாங்கிக் கல்யாணம் செய்தால், தகப்பன் சம்மதம் இல்லாத பட்சத்தில் அது செல்லாது என்று 1753இல் ஹார்ட்விக் பிரபு சட்டம் கொண்டுவந்தார். சபையில் அதை மூர்க்கமாக எதிர்த்தவர் வேறு யாருமில்லை, ரிச்மண்ட் வீட்டு மாப்பிள்ளை ஹென்றி ஃபாக்ஸ். ஆனாலும் மசோதா நிறைவேறியது. சட்டம் ஸ்காட்லாந்தைத் தொடவில்லை. ஜோடிகள் எல்லை தாண்டி, அங்கே எல்லையோரம் இருந்த கிரெட்னா கிரீன் கிராமத்துக்கு வண்டி கட்ட ஆரம்பித்தார்கள்.