கட்டில் வந்தது, மரம் வரவில்லை: ஆன்லைன் ஃபர்னிச்சர் கேள்வி பதில்

கேள்வி (மதுரை): சார், ஷீஷம் மரக் கட்டில் என்று போட்டிருந்ததைப் பார்த்து 28,000 ரூபாய்க்கு வாங்கினேன். கம்பெனி ஆளே வந்து மாட்டிவிட்டுப் போனார். பக்கத்துத் தெரு ஆசாரி தட்டிப் பார்த்துவிட்டு, "இது பார்ட்டிக்கிள் போர்டு, மரத்தூளைப் பசை போட்டு அழுத்திய பலகை" என்கிறார். கம்பெனியோ, "ஃபிட் பண்ணிய பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம்" என்கிறது.

பதில்: முதலில் ஆசாரி சொன்னதை நீங்களே பாருங்கள். கட்டிலுக்கு அடியில், ஸ்குரூ இறங்கிய ஓட்டையில் டார்ச் அடியுங்கள். மரம் என்றால் உள்ளேயும் நார் நாராகத் தெரியும். போர்டு என்றால் ஓட்டையின் விளிம்பு ரவை மாதிரி உதிரும். அதைக் கிட்டத்தில் வைத்துப் போட்டோ எடுங்கள்.

அப்புறம் அந்த விற்பனைப் பக்கத்தை இன்றைக்கே ஸ்க்ரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். நாளைக்கு அது 'ஷீஷம் ஃபினிஷ்' என்று மாறினாலும் மாறும். 'ஃபினிஷ்' என்றால் நிறம் மட்டும்தான், மரம் அல்ல. நீங்கள் வாங்கும்போதே அந்தச் சொல் அங்கே இருந்திருந்தால் உங்கள் கட்சி கொஞ்சம் பலவீனம்தான். இல்லையென்றால் தைரியமாகக் கேளுங்கள். 2020 ஜூலையில் வந்த இ-காமர்ஸ் விதிகளின்படி, பொருள் பழுதாக இருந்தாலோ, விளம்பரத்தில் சொன்னதற்கு மாறாக இருந்தாலோ, சொன்ன தேதி தாண்டி வந்தாலோ விற்றவர் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது. மாட்டிப் பார்க்காமல் கட்டிலின் லட்சணம் எப்படித் தெரியும்? "ஃபிட் பண்ணியாச்சு" என்பதெல்லாம் நொண்டிச் சாக்கு.

கேள்வி (திருப்பூர்): சோபாவில் குறை ஒன்றும் இல்லை. ஹாலுக்குப் பொருந்தவில்லை, வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை. சட்டப்படி திருப்பலாமா?

பதில்: முடியாது. இங்கிலாந்தில் ஆன்லைனில் வாங்கியதைக் காரணமே சொல்லாமல் 14 நாளுக்குள் வேண்டாம் என்று சொல்லலாம். நம் ஊரில் அப்படிப் பொதுவான சட்டம் கிடையாது. கம்பெனியின் ரிட்டர்ன் பாலிசி என்ன சொல்கிறதோ அதுதான். அடுத்த முறை ஹாலை மட்டுமல்ல, மாடிப்படித் திருப்பத்தையும் டேப் வைத்து அளந்துவிட்டு ஆர்டர் போடுங்கள்.

கேள்வி (சேலம்): அலமாரிக் கதவு வளைந்து வந்திருக்கிறது. 3 வாரமாக "டிக்கெட் ரைஸ் பண்ணியிருக்கோம்" என்ற ஒரே பாட்டு. கம்பெனி பெங்களூரில் இருக்கிறது. அங்கே போய் அலைய வேண்டுமா?

பதில்: வேண்டாம். சாட்டில் பேசுவதை விட்டுவிட்டு, அவர்கள் தளத்தில் குறைதீர் அதிகாரி என்று ஒருவர் பெயர் போட்டிருக்கும், அவருக்கு மெயில் அனுப்புங்கள். 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததென்று சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அதோடு தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்குப் போன் செய்து பதிவு செய்யுங்கள். பல விவகாரங்கள் இதிலேயே முடிந்துவிடும்.

முடியவில்லையா, சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான்: நாம் குடியிருக்கும் ஊரிலேயே வழக்கு. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயம் இல்லை, 2 வருடம் வரை நேரம் இருக்கிறது. 3 மாதத்தில், பொருளைச் சோதிக்க வேண்டியிருந்தால் 5 மாதத்தில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் இழுக்கும், அதற்கும் தயாராக இருங்கள்.

கேள்வி (தாம்பரம்): அட்டைப்பெட்டியைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டேன். ஒரிஜினல் பேக்கிங் இல்லாமல் டைனிங் டேபிளை எடுக்க மாட்டார்களாம்.

பதில்: நானும் இதே தப்பைச் செய்தவன்தான். என் மகளின் படிப்பு மேசை விரிசலோடு வந்தது, பெட்டி போய்விட்டது. "பழுது பெட்டியிலா, மேசையிலா?" என்று எழுதிக் கேட்டேன். கடைசியில் பழைய போர்வை சுற்றி எடுத்துப் போனார்கள். உங்கள் டேபிளில் பழுது இருந்தால் அப்படியே கேளுங்கள். பிடிக்காமல் திருப்புகிறீர்கள் என்றால் அவர்கள் நிபந்தனைதான் செல்லும். இன்னொன்று, டெலிவரி ஆள் நீட்டும் தாளில் "பிரித்துப் பார்க்கவில்லை" என்று எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். முறைப்பார், பரவாயில்லை.

கேள்வி (திருச்சி): டீக்கடைக்கு 12 நாற்காலி வாங்கினேன், 4 ஆடுகிறது. வியாபாரத்துக்கு வாங்கினால் நுகர்வோர் இல்லையாமே?

பதில்: பொதுவாக அப்படித்தான். ஆனால் பிழைப்புக்காக நீங்களே நின்று நடத்தும் கடை என்றால் நீங்களும் நுகர்வோரே. புகாரின் முதல் பத்தியிலேயே அதை எழுதுங்கள்.